தள்ளி நில்லு அண்ணாச்சி

உலகத்திலுள்ள போட்டோகிராபர்கள் எல்லோரும் “நெருங்கி நில்லுங்க, இன்னும் நெருங்கி நில்லுங்க” என்பார்கள். “தள்ளி நில்லுங்க” என்று சொல்லுகிற ஒரே போட்டோகிராபர் சங்கரன்கோவிலில் இருக்கிறார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அவர் ‘தள்ளி நில்லு அண்ணாச்சி’. ஸ்டூடியோவுக்கு வழி கேட்டால்கூட, “தள்ளி நில்லு கடையா? பூ மார்க்கெட்டத் தாண்டி எடப்பக்கம் திரும்புங்க” என்றுதான் சொல்லுவார்கள். கடை வாசலில் தொங்கும் பலகையில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்கு ஆட்களை வரிசையாக நிறுத்தியதும் எல்லோரும் கேமராவைப் பார்ப்பார்கள். அண்ணாச்சி எல்லோரையும் பார்ப்பார். பிறகு நிதானமாகக் கேட்பார்.

“யாரு வரல?”

“எல்லாரும் வந்தாச்சு அண்ணாச்சி.”

“கூப்பிட்டும் வராதவுக யாரு? பேச்சுவார்த்த இல்லாம யாரு இருக்கா?”

நல்ல காரியம் நடக்கிற வீட்டில் கேட்கிற கேள்வியா இது? மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமுவார். பெண்ணின் அம்மா முந்தானையைச் சரிசெய்வார். பின்வரிசையில் இருந்து ஏதாவது ஒரு பெண்குரல் மெதுவாக எழும்பும்.

“நடு அத்தான் வரல.”

“என்ன சண்ட?”

“வரப்பு.”

“வந்தா எங்கன நிப்பாரு?”

“பெரிய அத்தானுக்கு அடுத்தாப்ல.”

“அப்ப அங்கன ஒரு ஆள் எடம் விட்டுத் தள்ளி நில்லுங்க. நாளைக்குக் கோவம் தீந்து வந்தார்னா அந்த மனுசன் எங்கன நிப்பாரு?”

அவ்வளவுதான். பெரிய அத்தானுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்குக் காலியிடம் விட்டுப் படம் எடுக்கப்படும். அது பெரிதாகி, சட்டம் போட்டு, கூடத்தில் தொங்கும். வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, “அதென்ன நடுவுல எடம்?” என்பதுதான். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயே பல வீடுகளில் சமாதானம் ஆகியிருக்கிறது. மனம் மாறி ராசியானவர்களை விட, விருந்தாளிக்குப் பயந்து ராசியானவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

இளையரசனேந்தல் பக்கம் ஒரு கல்யாணம். அந்தக் குடும்பத்தில் பேசுகிறவர்களை விடப் பேசாதவர்கள் அதிகம். ஒவ்வொருவருக்கும் இடம் விட்டுக்கொண்டே போனதில், மாப்பிள்ளை பந்தல் காலுக்குப் பக்கத்திலும், பெண்ணின் அப்பா பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை வாசலிலும் நிற்க வேண்டியதாயிற்று. எல்லோரும் கேமராவுக்குள் அடங்கவில்லை. அண்ணாச்சி பின்னால் நடந்து நடந்து, கடைசியில் தெருவில் நின்ற டிராக்டர் மேல் ஏறி எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு, “இது குரூப் போட்டோ மாதிரி இல்ல, பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு” என்று அவரே சொன்னாராம்.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். ஆசிரியர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போடச் சொன்னார். தலைமையாசிரியர், “அவர் மெடிக்கல் லீவுல இருக்காரு, வேண்டாம், எடுத்துருங்க” என்றார். “லீவுன்னா எடுத்துரலாம் சார். அவரு கோவத்துல இருக்காரு” என்றார் அண்ணாச்சி. நாற்காலி அங்கேயே இருந்தது.

அண்ணாச்சிக்கு இன்னொரு சட்டமும் உண்டு. இறந்துபோனவர்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டித் தருவார். பழைய ரேஷன் கார்டில் மங்கிப்போன தாத்தாவைக்கூட, பட்டு வேட்டி கட்டி, பேத்தி கல்யாணத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அவ்வளவு கச்சிதமான வேலை. நிழல்கூடச் சரியாக விழும். ஆனால் உயிரோடு இருப்பவரை ஒட்டித் தரச் சொன்னால், அடுத்த நிமிடம் கேமராப் பையைத் தோளில் மாட்டிவிடுவார்.

“செத்தவுக வர முடியாது, ஒட்டித் தாரேன். உசுரோட இருக்கவன் பஸ் ஏறி வரட்டும்.”

அவருடைய ஸ்டூடியோச் சுவரைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்கள் மிரண்டுபோவார்கள். மற்ற ஸ்டூடியோக்களில் குழந்தைகள் சிரிக்கும், மணப்பெண்கள் நாணுவார்கள். இவர் சுவரில் ஒரு மனித முகம் கிடையாது. டீக்கடை பெஞ்சு, அதன் மேல் ஒரு காலி தம்ளர். மல்லிகைப்பூ ஏலம் முடிந்த மார்க்கெட் தரை. நெய்கிற ஆள் இல்லாத தறிக்குழி ஓரம் தொங்குகிற ஒரு துண்டு. இதெல்லாம் அவர் தனக்கென்று எடுக்கிற படங்கள்.

“என்ன அண்ணாச்சி, ஒரு படத்துலயும் ஆளக் காணோம்?” என்று கேட்டால், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லுவார்: “இப்பதான் எந்திரிச்சுப் போனாரு.”

தை, மாசியில் கல்யாணமும் பள்ளிக்கூடப் படங்களுமாக அவருக்குச் சாப்பிட நேரமிருக்காது. சித்திரை வெயிலில் கோயில் கொடை, சடங்கு, காதுகுத்து. ஆடி பிறந்து கல்யாணங்கள் நின்றதும், மொபட்டில் ஒரு கறுப்புக் குடையைச் செருகிக்கொண்டு தனக்கான படங்களை எடுக்கக் கிளம்பிவிடுவார். குடை அவருக்கு இல்லை, கேமராவுக்கு.

ஆடித் தபசு அன்று ஊர் கொள்ளாத கூட்டம். அத்தனை பேரும் சாமி காட்சி கொடுக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, அண்ணாச்சி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, ரதவீதி ஓரத்தில் கழற்றிப்போட்டிருந்த செருப்புகளை உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தார். பாதுகாப்புக்கு வந்த வெளியூர்ப் போலீஸ்காரர் ஒருவர் தோளைத் தட்டினார்.

“என்னய்யா, செருப்பு களவாங்க வந்தியா?”

“படம் எடுக்கேன் சார்.”

“சாமி அந்தப் பக்கம் இருக்கு.”

“சாமிய எல்லாரும் எடுக்காக சார். இவுகள யாரு எடுக்கா?”

போலீஸ்காரர் கொஞ்ச நேரம் செருப்புகளைப் பார்த்தார். பிறகு, “அந்த ஓரத்துல கெடக்குறது, கூட வந்த எங்க வீட்டம்மாவோடது, அதையும் சேத்து எடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழையில் கேமராவுக்கு ஈரம் ஆகாது என்று அதை ஒரு துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பார். வீட்டு அக்கா உலைக்கு அரிசி எடுக்கப் போனால் கையில் லென்ஸ் தட்டுப்படும். “பொண்டாட்டி கையால சாப்பிடுத சோத்துல பாதி ஒம்ம கேமரா தொட்டது” என்று அந்த அக்கா திட்டுவார். அண்ணாச்சி பையைத் திறக்கும்போது எந்த வீட்டுத் தரையிலும் நாலு அரிசி உதிரும். அதை வைத்தே அவர் வந்துபோனதைக் கண்டுபிடிக்கலாம்.

மார்கழி விடியற்காலையில் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் இருப்பார். ஆட்டுக்கிடை கலைந்து போன பிறகு, பனி படர்ந்த தரையில் ஆடுகள் படுத்திருந்த தடத்தைப் படம் எடுப்பார். “கொஞ்சம் முந்தி வந்திருந்தா ஆடே இருந்துச்சே” என்று கிடை போட்ட கீதாரி பரிதாபப்பட்டால், “அதுக்குத்தான் பிந்தி வந்தேன்” என்பார்.

இந்த மனிதரிடம்தான் எங்கள் குடும்பம் மாட்டிக்கொண்டது.

என் தங்கை செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அப்பா உயிரோடு இல்லை. அம்மாவுக்கு இருந்த ஒரே துணை, வாசுதேவநல்லூரில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிற தம்பி, எங்கள் மாமா. தாய்மாமன் என்றால் சும்மாவா? நிச்சயதார்த்தத்துக்கு வைத்த பிளக்ஸ் பேனரில் அவர் படம் பெரிதாக இருக்க வேண்டும். பிளக்ஸ் கடைக்காரப் பையனிடம் யாரோ கொடுத்த படத்தில் மாமா கண் மூடியிருந்தார். அதைப் பார்க்காமல் அடித்துவிட்டார்கள். அதோடு மாமா படம் சித்தப்பா படத்தை விடச் சின்னதாகிப்போயிற்று.

மாமா பேனருக்கு எதிரே வெகு நேரம் நின்றார். “கண்ண மூடிப் போட்டிருக்கீக. நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று கேட்டுவிட்டு, பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார்.

மாமா கோபம் லேசுப்பட்டதல்ல. கண்டக்டர் “உள்ள போங்க” என்று சத்தமாகச் சொன்னார் என்பதற்காகப் புளியங்குடியில் இறங்கி வாசுதேவநல்லூர் வரை நடந்தே போனவர். தை மாதக் கல்யாணத்துக்கு அம்மா நேரில் போய் அழைத்தும் அவர் வரவில்லை. தாய்மாமன் மாலை போடாமலேயே செல்வி கழுத்தில் தாலி ஏறியது. அம்மா அன்றைக்கு மணமேடையைப் பார்த்ததை விட மண்டப வாசலைப் பார்த்ததுதான் அதிகம்.

மண்டபத்திலிருந்து பாலும் பழமும் சாப்பிட வீட்டுக்கு வந்த கையோடு, கோபுரம் தெரிகிற எங்கள் மொட்டை மாடியில் குரூப் போட்டோ. அண்ணாச்சி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.  அம்மா தானாகவே இடப்பக்கம் ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளி நின்றார். வலப்பக்கம் அப்பாவுக்கு இடம் விடச் சொன்னார் அண்ணாச்சி.

படம் வந்தது. அம்மாவுக்கு வலப்பக்கம் அப்பா, வெள்ளைச் சட்டையில், நிஜமாகவே அங்கே நின்றது போல இருந்தார். இடப்பக்கம் காலி. அதன் வழியாகக் கோபுரம் தெரிந்தது. அம்மா சுவரில் ஆணி அடிக்கச் சொல்லிவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செத்தவுக வந்து நிக்காக. உசுரோட இருக்கவன் வரல” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானையால் கண்ணாடியைத் துடைப்பார். காலியாக இருந்த இடத்தை மட்டும் அழுத்தித் துடைப்பார்.

வருசங்கள் ஓடின. செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளையின் முன்தலையில் முடி கொட்டியது. மாமா வரவில்லை. போன வருசம் ஆனி மாதம் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். யார் சொன்னார்களோ, மூன்றாம் நாள் காலையில் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு மாமா வாசலில் நின்றார்.

“கண்ணு தெரியுதா?” என்றார்.

“ஒன்னத் தெரியுது” என்றார் அம்மா.

 மாமா உள்ளே வந்து உட்கார்ந்து, காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். விருந்தாளிகள் எல்லோரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

“அதென்ன நடுவுல எடம்?”

“அது ஒன் எடம்ல.”

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, “மருமவனே, அந்தப் போட்டோக்காரர வரச் சொல்லு. இப்பவே வந்து எடுக்கட்டும்” என்றார். அம்மா முகம் மலர்ந்ததை வெகுகாலத்துக்குப் பிறகு பார்த்தேன். எனக்குப் பயம் ஒன்றுதான். மாமா மனம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அண்ணாச்சியை நானே வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிவந்தேன்.

அவர் மாடிக்குப் போனார். வானத்தைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். குடையை விரித்து, மடக்கினார். கீழே வந்தார்.

“இப்ப எடுக்க முடியாது.”

“ஏன் அண்ணாச்சி?”

“படத்துல இருக்கது தை மாச வெயிலு. சாஞ்சு விழும். இது ஆனி மாச வெயிலு, நட்டமா அடிக்கி. எல்லாரையும் வரவச்சு எடுத்தாலும் அந்தப் படம் மாதிரி இருக்காது. தையில வாங்க.”

நான் அவரை ஓரமாக இழுத்துப்போனேன். “அண்ணாச்சி, எங்க மாமா கோவம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அடங்கி இருந்தாலே பெருசு. தை வரைக்கும் எப்படி அவரக் காப்பாத்துவேன்?”

“அது ஒம்ம பாடு. வெளிச்சம் எம் பாடு” என்றார். பிறகு மாமாவிடம் போய், “இந்த வெளிச்சம் எப்படி மாறுதுன்னு மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்கிடணும். நீரு வந்து அந்த எடத்துல நின்னு காட்டணும் வே” என்றார். நியாயமாகப் பார்த்தால் மாமா அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும். தொழில்காரர் சொல்கிறார், வெளிச்சம் என்கிறார் என்று மாமா தலையாட்டிவிட்டார்.

அந்த ஏழு மாதங்களை நாங்கள் எப்படிக் கடத்தினோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். நான் மதுரையில் வேலையில் இருந்தாலும் மாமா வருகிற நாளுக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிடுவேன். ஆடியில் வந்தார். வெயிலில் நிற்க வைத்து, அண்ணாச்சி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். படம் எடுக்கவே இல்லை. அன்றைக்கு ரசத்தில் உப்பு குறைவு என்று மாமா இலையை மூடப் போனார். அம்மா உப்பு ஜாடியையே தூக்கிவந்து பக்கத்தில் வைத்ததும் சிரித்துவிட்டார்.

புரட்டாசியில் வந்தபோது காற்று. மாமா வேட்டி பறக்கிறது என்று அண்ணாச்சி திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். மாமா கொதித்துப்போய் வாசல் வரை போனார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, “சின்னப்புள்ளையில நீ பட்டம் விடணும்னு இதே காத்துக்கு அழுதவம்ல” என்றார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அன்றைக்கு இருவரும் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசியில் விடாத மழை. மாடிக்குப் போக வழியில்லை. அண்ணாச்சி வந்து அரிசியை உதிர்த்துவிட்டு, “வெளிச்சமே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா எங்கள் வீட்டில் தங்கிவிட்டார். கார்த்திகைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த மனிதர் நிஜமாகவே வெளிச்சத்துக்குத்தான் காத்திருக்கிறாரா? கேட்டுப் பார்த்தேன். “வெளிச்சம்னா லேசா வருமா வே?” என்று மட்டும் சொன்னார்.

இதற்கிடையில் செல்வி வீட்டாருக்கும் உத்தரவு போயிருந்தது. கல்யாணத்தன்றைக்கு உடுத்தியிருந்த அதே உடுப்பில் வர வேண்டும். செல்வியின் கல்யாண ரவிக்கைக்குள் அவள் ஒரு கையைக்கூட நுழைக்க முடியவில்லை. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல பிள்ளை, ஆனால் பொறுமை கிடையாது. அவர் மார்கழியில் ஒரு நாள், “எதுக்கு இவ்வளவு பாடு?” என்று சொல்லி, போனிலேயே ஏஐயை வைத்து ஒரு நிமிடத்தில் மாமாவைக் காலியிடத்தில் ஒட்டி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

ஒட்டிய லட்சணத்தைப் பாருங்கள். மாமாவுக்கு வாழ்நாளில் இல்லாத சிரிப்பு. முன்பல் ஒன்று விழுந்து பல வருசம் ஆயிற்று, படத்தில் அத்தனை பல்லும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்மா தோளில் ஒரு கை. அந்தக் கையில் ஒரு விரல் கூடுதல். அம்மா படத்தை நீட்டிப் பிடித்துப் பார்த்து, “இது யாரு, மாப்பிள்ளை வீட்டு ஆளா?” என்று கேட்டார். மாமா எனக்குப் போன் போட்டு, “நான் வராமலே வந்துட்டேன்னா, அப்புறம் எதுக்கு வரணும்?” என்று போனை வைத்துவிட்டார்.

அதோடு போயிருந்தால் சமாளித்திருக்கலாம். செல்வி வெள்ளந்தி. நல்ல தாளில் பிரிண்டு போட்டுத் தருவார் என்று அந்தப் படத்தை அண்ணாச்சிக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள்.

நான் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அண்ணாச்சி கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அண்ணாச்சி, அது மாப்பிள்ளை வெளையாட்டுக்குச் செஞ்சது.”

“உசுரோட இருக்க மனுசன ஒட்டிட்டீக. இனி எனக்கு அங்கன என்ன வேல?”

“தை பொறக்கப் போகுது அண்ணாச்சி. நாளு கூடக் குறிச்சாச்சு.”

“போன்லயே எடுத்துக்கிடுங்க” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

குறித்த நாள் வந்தது. மாமா வருவாரா என்று அம்மா விடியற்காலையிலேயே வாசலுக்கு வந்துவிட்டார். கல்யாணத்தன்று மண்டப வாசலைப் பார்த்த அதே பார்வை. முதல் பஸ்சில் இல்லை. இரண்டாவது பஸ்சிலும் இல்லை. அடுத்த பஸ்சில் இறங்கி வந்தார். பட்டு வேட்டி கட்டியிருந்தார். புது வேட்டியின் மடிப்பு அப்படியே இருந்தது, மடிப்பில் மஞ்சள் கறை ஏறியிருந்தது. கல்யாணத்துக்காக எடுத்து, கட்டாமல் பெட்டியில் வைத்திருந்த வேட்டி. கையில் ஒரு பூமாலை.

“அன்னைக்குப் போட வேண்டியது. பிந்திட்டு” என்று சொல்லி, செல்வி கழுத்தில் போட்டார். செல்வி அழுதாள். அம்மா அழுதார். ரவிக்கைக்குப் பின்னால் ஊக்கு குத்தி நின்ற செல்வி அழுததில் ஊக்கு தெறித்து மாப்பிள்ளை கையில் குத்தியது. அவரும் கண் கலங்கினார்.

எல்லோரும் மாடியில் போய் நின்றோம். வெயில் சாய்வாக, கோபுரத்தைத் தொட்டுக்கொண்டு, ஏழு மாதமாக அண்ணாச்சி கேட்ட மாதிரியே விழுந்தது. அண்ணாச்சி வரவில்லை. போன் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. வெயில் ஏறியது. பிறகு மேகம் வந்து அதையும் மூடியது. மாப்பிள்ளைக்குச் சாயங்காலம் பஸ். அவர் தயங்கித் தயங்கி, தன் போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வைத்தார்.

“வேற வழியில்ல, இதுலயே எடுத்துருவோம்.”

யாருக்கும் மனமில்லை. ஆனாலும் வரிசையாக நின்றோம். அம்மாவுக்கு வலப்பக்கம் அப்பாவுக்கு இடம் விட்டாயிற்று. மாமா முதன்முறையாக அம்மாவுக்கு இடப்பக்கம் வந்து நின்றார். மாப்பிள்ளை போனைத் தட்டப் போனபோது மாமா கையை உயர்த்தினார்.

“பொறுங்க.” எங்கள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். “யாரு வரல?”

செல்வி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த மனுசன் கோவம் தீந்து வந்தார்னா எங்கன நிப்பாரு? ஏலே மருமவனே, எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

எனக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளி நின்றோம். படம் எடுத்ததும் மாமாவே அதை அண்ணாச்சிக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக நீலக் கோடு இரண்டு விழுந்தது. பதில் இல்லை. அம்மா, “சாப்பாடு ஆறுது” என்றார். யாரும் கீழே இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெருவில் மொபட் சத்தம் கேட்டது.

கறுப்புக் குடையோடு மூச்சு வாங்க மேலே வந்தார். பையைத் திறந்தார். அரிசி உதிர்ந்தது. எங்களுக்கு நடுவில் விட்டிருந்த காலியிடத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“இந்த எடம் எனக்குப் பத்தாது. வயிறு வச்சிட்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

முதலில் மாமாவோடு எங்களை எடுத்தார். வானம் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“அண்ணாச்சி, வெளிச்சம்?”

“வெளிச்சத்துக்கு என்ன? நல்லாத்தான இருக்கு” என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்து, கேமராவை முக்காலியில் வைத்து, தானாக எடுக்கிற விசையை அமுக்கிவிட்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். ஆயுள் முழுவதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவருக்கு முன்னால் ஓடிவர எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியவில்லை. பாதி வழியிலேயே ‘கிளிக்’ என்றது. எடுத்துப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் பளிச்சென்று இருந்தோம். மாமா கண் நன்றாகத் திறந்திருந்தது. அண்ணாச்சி மட்டும் ஒரு வெள்ளைச் சட்டையாக, முகம் கலங்கி, எங்கள் பக்கம் சரிந்துகொண்டிருந்தார்.

“ஆடிப்போச்சு. இத அழிச்சிருதேன்” என்றார்.

அம்மா ஒரேயடியாக மறித்துவிட்டார். “உசுரோட இருக்கவர அழிக்கக் கூடாது அண்ணாச்சி.”

தன் சட்டமே தன் மேல் திரும்பியதும் அண்ணாச்சி கேமராவை மூடிப் பையில் வைத்தார். கீழே வந்து சாப்பிட உட்கார்ந்தார். மாமா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தார்.

பிறகு அந்த ஆடிப்போன படத்திலேயே அப்பாவை அவர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பெரிதாக்கி, சட்டம் போட்டு அண்ணாச்சியே கொண்டுவந்து தந்தார். அந்தப் படம்தான் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. விருந்தாளிகள் காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, “எல்லாரும் சரியா இருக்கீக. அது யாரு, ஆட்டமாத் தெரியுதாரு?” என்று கேட்கிறார்கள்.

அம்மா முந்தானையால் அந்த இடத்தை ஒரு தடவை துடைத்துவிட்டுச் சொல்லுகிறார்:

“எங்க வீட்டு ஆளுதான். இப்பதான் வாராரு.”